வி-கிராஸ் பிக்கப்: கேனோபி ஏற்றியபின் தாழ்ந்த பின்பக்கத்தை எந்த முறையில் தூக்குவது?

மலையோரம்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டின் இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், நான்கு சக்கர இயக்கம் கொண்டது. பின்தொட்டியின் மேல் இரும்புச் சட்டத்தில் கேனோபி (கூரையுள்ள மூடிய கூடு) பொருத்தி, உள்ளே இழுப்பறைகளும் சிறிய குளிர்பெட்டியும் தண்ணீர்க் கேன்களும் வைத்திருக்கிறேன்; கேனோபியின் கூரையில் மடக்குக் கூடாரம் ஒன்றும் இருக்கிறது. இவையெல்லாம் ஏறியபின் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. வேகத்தடையில் சற்று வேகமாக இறங்கினாலே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில், சக்கர அச்சான ஆக்சில் இடிக்கும் ஓசை கேட்கிறது. வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பின்பக்கம் அலைவதையும் உணர்கிறேன்.

பின்பக்கத்தை 40 மி.மீ. அளவுக்குத் தூக்க விரும்புகிறேன். ஒரு பட்டறையில் ஆக்சிலுக்கும் வண்டியின் பாரத்தைத் தாங்கும் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே பிளாக் என்ற உலோகக் கட்டையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் போதும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், பட்டையின் பின்முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பள்ளத்தாக்கு:

நண்பரே, யோசிக்காமல் பிளாக் போட்டுவிடுங்கள். என் வி-கிராஸில் 2 அங்குல பிளாக் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. பட்டையைத் தொடாததால் வண்டியின் மென்மை மாறாது. செலவும் மற்ற முறைகளைவிடக் குறைவு, பிடிக்கவில்லையென்றால் அரை நாளில் கழற்றிவிடலாம்.

விசைக்கணக்கு:

பள்ளத்தாக்கு அவர்களின் வண்டி பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டி என்று நினைக்கிறேன். அப்படியானால் அவருடைய தேர்வில் தவறில்லை. மலையோரம் அவர்களின் நிலைமை வேறு. அவருடைய வண்டி தாழ்வாகப் பிறந்த வண்டி அல்ல, சுமையால் தாழ்ந்த வண்டி. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

முறையைப் பேசுவதற்கு முன் இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் கீழ்விளிம்பு வரையிலான உயரம். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும் என்பதால் சக்கர நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும். இரண்டாவது, எடைமேடையில் எடுத்த எடை. முழு வண்டியின் எடை மட்டும் போதாது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடுத்து எழுதுங்கள். கேனோபி ஏற்றுவதற்கு முந்தைய எடைச்சீட்டு இருந்தால் அதையும் சேர்த்துத் தாருங்கள்.

மலையோரம்:

ஐயா, கேனோபி செய்த இடத்தில் முன்பே எடை போட்டுத் தந்த சீட்டு கிடைத்தது. அப்போது பின் ஆக்சிலில் 840 கிலோ. இப்போது பயணத்துக்குத் தயாரான நிலையில் 1,180 கிலோ. முன் ஆக்சிலில் 30 கிலோ குறைந்திருக்கிறது. சேர்த்த பொருள்களின் மொத்த எடை 310 கிலோதான் என்னும்போது பின்பக்கம் எப்படி 340 கிலோ கூடும் என்பது எனக்குப் புரியவில்லை. மட்கார்டு உயரம் இடப்பக்கம் 42 மி.மீ. குறைந்துள்ளது, வலப்பக்கம் அதைவிட 8 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்திருக்கிறது.

விசைக்கணக்கு:

உங்கள் சுமையின் எடைமையம் பின் ஆக்சிலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் ஏற்றிய எடை தன் முழுப் பாரத்தையும் பின்சக்கரங்களின் மேல் போடுவதோடு, நெம்பி முன்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியின் சக்கர இடைத்தூரம் 3,095 மி.மீ. அதை வைத்துக் கணக்கிட்டால், 30 கிலோ இடம் மாற வேண்டுமானால் எடைமையம் ஆக்சிலுக்கு ஏறக்குறைய 30 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். தண்ணீரை முன்பக்கச் சுவரை ஒட்டி நகர்த்தினாலே இதில் ஒரு பகுதி குறையும், அதற்குக் காசு செலவில்லை.

இனி பட்டைக்கு வருவோம். 340 கிலோவை இரண்டு பக்கங்களுக்குப் பிரித்தால் பக்கத்துக்கு 170 கிலோ. அந்த 170 கிலோவுக்கு 42 மி.மீ. தாழ்ந்தது என்றால், உங்கள் பட்டைக்கட்டு ஒரு மி.மீ. அமுங்க ஏறத்தாழ 4 கிலோ கேட்கிறது என்று பொருள். பிளாக் வைத்தால் இந்த 4 கிலோ மாறாது. வண்டி உயர்ந்து நிற்கும், ஆனால் பட்டை முன்பு அமுங்கிய அளவுக்கே அமுங்கிக் கிடக்கும். இடிக்கும் ஓசை நின்றுவிடும் என்பது உண்மைதான். பம்ப் ஸ்டாப் சட்டத்தில் இருக்கிறது, ஆக்சில் 40 மி.மீ. விலகிப் போயிருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலை வகுத்த எல்லைக்கு அப்பாலும் 40 மி.மீ. வரை பட்டை வளைய இடம் கிடைக்கிறது, ஏற்கெனவே தட்டையாகக் கிடக்கும் பட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் எதிர்ப்பக்கம் வளைகிறது. பிளாக் போடுபவர் அதே உயரத்துக்கு பம்ப் ஸ்டாப்பையும் இறக்கிக் கட்ட வேண்டும். இறக்கிக் கட்டினால் உங்களுக்கு மறுபடியும் அதே இடி கேட்கும்.

பள்ளத்தாக்கு:

ஆனால் அமெரிக்காவில் ஃபோர்டின் பெரிய பிக்கப்களில் தொழிற்சாலையிலேயே பிளாக் வைத்துத்தானே அனுப்புகிறார்கள்? பிளாக் ஆபத்து என்றால் அவர்கள் ஏன் வைக்கிறார்கள்?

சங்ககிரிப் பட்டறை:

நல்ல கேள்வி, தம்பி. பிளாக் என்ற பொருளில் குற்றமில்லை. அந்த வண்டிகளில் பட்டையின் கனமும் ஆக்சிலின் அளவும் அந்தப் பிளாக்கைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டவை. அங்கேயும் இருக்கிற பிளாக்கை எடுத்துவிட்டு உயரமான ஒன்றை வைக்கலாமே தவிர, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்கக் கூடாது. அடுக்கினால் ஒரு நாள் நடுவில் நழுவும்.

லாரிப் பட்டை வேலையில் தலை நரைத்தவன் என்ற முறையில் பிளாக் பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். முதல் கியரில் ஏற்றம் ஏறும்போது சக்கரத்தின் இழுவிசை ஆக்சிலின் மூக்கை மேல்நோக்கித் திருப்பப் பார்க்கும். பிரேக் அடித்தால் எதிர்த் திசையில் திருப்பும். அந்தத் திருகலைத் தாங்குவது பட்டை ஒன்றுதான், அதற்கு வேறு துணைக்கம்பி கிடையாது. ஆக்சிலைப் பட்டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு நெம்புகோலும் நீளும். சுமையோடு மலையேறும் வண்டியில் இதனால் சக்கரம் தத்தித் தத்திக் குதிக்கும், நாளடைவில் பட்டை ஆங்கில எழுத்து எஸ் போல நெளியும். பிளாக் போட்ட வண்டி பட்டறைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் அடியிலிருக்கும் தகட்டைத்தான். தகட்டின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் மாவு போல் துரு படிந்து, அதன் நடுவே இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் கட்டு உள்ளே அசைகிறது என்று அர்த்தம். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுபடுவது அதற்கு அடுத்த கட்டம்.

ஜிப்சிப்பிரியன்:

மாருதி ஜிப்சியில் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை மேலே மாற்றி ஒரேயடியாக ஐந்து அங்குலம் வரை தூக்குகிறார்களே, அதை இதில் செய்ய முடியாதா?

விசைக்கணக்கு:

முடியாது. நான்கு சக்கர இயக்க வி-கிராஸில் பட்டை ஏற்கெனவே ஆக்சிலுக்கு மேலேதான் இருக்கிறது.

நீள ஷேக்கிள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷேக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும் தாழ்த்துகிறது, ஆக்சில் பட்டையின் நடுவில் இருக்கிறது. ஆகவே ஷேக்கிளில் கூட்டும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய 40 மி.மீட்டருக்கு ஷேக்கிளை 80 மி.மீ. நீட்ட வேண்டும். அவ்வளவு நீளமான ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும். கூரையில் கூடாரம் சுமக்கும் வண்டிக்கு அதுவே போதும், கொண்டை ஊசி வளைவில் உங்கள் வயிற்றைக் கலக்குவதற்கு. இதற்குமேல் பட்டையின் பின்முனை தாழ்வதால் ஆக்சில் சுழன்று, கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழல் தண்டான ஷாஃப்ட் இணையும் பினியனின் மூக்கும் மேலே தூக்கும். கியர்பாக்ஸ் பக்கத்துக் கோணமும் பினியன் பக்கத்துக் கோணமும் ஒன்றையொன்று சமன்செய்யாமல் போய், ஷாஃப்டில் அதிர்வு தோன்றும். உங்கள் தேவைக்கு ஷேக்கிளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

பிரிஸ்பேன்வாசி:

நான் ஆஸ்திரேலியாவில் இதே டி-மேக்ஸ் வைத்திருக்கிறேன். இங்கே பட்டைக்கட்டு விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் முதலில் உயரத்தைக் கேட்பதில்லை. பின்தொட்டியில் எப்போதும் இருக்கும் எடை எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓல்ட் மேன் இமு போன்ற தயாரிப்புகளில் காலி வண்டிக்கு ஒரு கட்டு, நிரந்தரச் சுமைக்கு ஒரு கட்டு என்று எடை வாரியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். எடையை மிகைப்படுத்திச் சொல்லிக் கனமான கட்டு வாங்கியவர்கள் காலி வண்டியில் முதுகு நோக ஓட்டுவதை நிறையப் பார்க்கிறேன். ஆகவே மலையோரம் அண்ணா, அந்த 310 கிலோவில் எவ்வளவு எப்போதும் வண்டியில் இருக்கும், எவ்வளவு பயணத்தின்போது மட்டும் ஏறும் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

யாராவது ஏர்பேக் (ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் காற்றுப்பை) யோசனை சொல்வதற்கு முன் அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பட்டை தன் பாரத்தைச் சட்டத்தின் இரு இடங்களில், முன்முனையிலும் பின்முனையிலும், பிரித்துக் கொடுக்கிறது. ஏர்பேக் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த சுமையோடு கரடுமுரடான சாலையில் ஓடி, சரியாக அந்த இடத்தில் சட்டம் வளைந்து நின்ற இரட்டைக் கேபின் பிக்கப்களின் படங்கள் இங்கே அடிக்கடி வெளிவருகின்றன. எப்போதாவது இழுவண்டி பூட்டும்போது வண்டியைச் சமப்படுத்த அது உதவலாம், நிரந்தரச் சுமைக்கு அது மருந்தல்ல.

மலையோரம்:

கேனோபியும் இழுப்பறைகளும் கூடாரமும் எப்போதும் வண்டியில்தான் இருக்கும், கழற்றும் எண்ணம் இல்லை. அவை ஏறத்தாழ 220 கிலோ. குளிர்பெட்டி, தண்ணீர், சாமான்கள் ஆகிய 90 கிலோ பயணத்தின்போது மட்டும் ஏறும்.

விசைக்கணக்கு:

அப்படியானால் உங்களுக்குத் தேவை வலுவான பட்டை. உயரம் அதன் கூடவே வரும். எடுத்துக்காட்டாக, ஒரு மி.மீட்டருக்கு 6 கிலோ கேட்கும் கட்டு ஒன்றை, உங்கள் முழுச் சுமையோடு பழைய உயரத்தில் நிற்கும்படி தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். பயணம் முடிந்து 90 கிலோவை இறக்கினால், பக்கத்துக்கு 45 கிலோ, பின்பக்கம் 8 மி.மீட்டருக்கும் குறைவாகவே உயரும். இப்போதைய கட்டில் அதே எடைக்கு 11 மி.மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது.

ஷாஃப்ட் கோணத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். காலி வண்டியை 40 மி.மீ. தூக்குபவருக்குத்தான் அந்தக் கவலை. இரண்டு துண்டு ஷாஃப்டின் நடு பேரிங்கில், புறப்படும் நேரத்தில் நடுக்கம் தோன்றலாம், பேரிங்கின் தாங்கியைத் தகடு வைத்து இறக்க வேண்டியும் வரலாம். நீங்கள் தொழிற்சாலை உயரத்துக்கு மேல் போகவில்லை, இழந்த உயரத்தைத்தான் திரும்பப் பெறுகிறீர்கள்.

சங்ககிரிப் பட்டறை:

கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கட்டுத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். மெயின் பட்டைக்கு அடியில் முழு நீளத்துக்கு ஒரு பட்டையைச் சேர்த்து, அதன் வளைவை மற்றவற்றோடு ஒத்துப்போகும்படி அமைத்துக் கொடுத்தால் இந்தச் சுமைக்கு அதுவே போதும், செலவு பல மடங்கு குறையும். சேர்க்கும் முறைதான் முக்கியம். சந்தையில் குட்டையான, கனத்த ஒற்றைப் பட்டை கிடைக்கும், அதை வாங்காதீர்கள். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு (கனம் × கனம் × கனம்) ஏறும். 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டை வைத்தால் அது ஒன்றே ஏறக்குறைய மூன்று பட்டைக்குச் சமம். குட்டைப் பட்டையின் முனை மேலே உள்ள பட்டையில் ஒரே இடத்தில் ஊன்றும், பட்டை அந்த இடத்தில்தான் முறியும். இருப்பதையே காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொன்னால் அதற்கும் உடன்படாதீர்கள். முறையாக எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாமல் வளைத்த பட்டை சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. பழைய கட்டு நலமாக இருந்தால்தான் புதுப் பட்டை சேர்ப்பதில் பொருள் உண்டு. உங்கள் வலப்பக்கம் 8 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. கட்டைப் பிரித்து, பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த சாக்குக்கட்டித் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஈரக்கோடு தெரியும்.

சட்டப்புத்தகம்:

தொழில்நுட்பத்தைத் தாண்டி ஒரு குறிப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுவது உயர்த்திய வண்டியும் பிளாக்கும்தான். தொழிற்சாலை உயரத்தைத் தாண்டாமல், பட்டைக்கட்டை மட்டும் மாற்றுவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பான வழி என்றாலும், கேனோபியையும் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

பிரிஸ்பேன்வாசி:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டை வலுவானதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது. இங்கே அந்த வரம்பை உயர்த்தத் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். உங்கள் வண்டியின் தகட்டில் உள்ள வரம்பை, நான்கு பேர் உட்கார்ந்து டேங்க் நிரம்பிய நிலையில் எடுத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலையோரம்:

ஒப்பிட்டுப் பார்த்தேன், வரம்புக்குள் இருக்கிறது.

பட்டறை ஐயா சொன்னபடி கட்டைப் பிரித்தோம். இடப்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கத்தில் இரண்டாவது பட்டையில், சென்டர் போல்ட் துளையிலிருந்து ஓரம் நோக்கி விரல் அகலத்துக்கு ஈரக்கோடு தெளிவாகத் தெரிந்தது. தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. இந்த நிலையில் ஒரு பட்டையைச் சேர்ப்பதா, வெடித்ததை மட்டும் மாற்றுவதா, இரு பக்கமும் புதுக் கட்டே வாங்குவதா?

சங்ககிரிப் பட்டறை:

வெடித்த கட்டில் பட்டை சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் வெவ்வேறு விறைப்பில் நின்று, இரண்டு பக்கமும் இரண்டு விதமாக வேலை செய்யும். இரு பக்கமும் முழுக் கட்டாக மாற்றுங்கள். வெளிநாட்டுக் கட்டு எட்டவில்லையென்றால் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் அளவு கொடுத்துப் புதிதாகக் கட்டித் தருவார்கள். ஆனால் பக்கத்துக்கு 170 கிலோ, இன்ன உயரத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ‘கொஞ்சம் தூக்கலாக’ என்று வாயால் சொன்னால் லாரிக்குக் கட்டுவதுபோல் கட்டிவிடுவார்கள்.

விசைக்கணக்கு:

அதை வழிமொழிகிறேன். புதுக் கட்டுக்கு வளைவு கூடுதலாக இருக்கும் என்பதால் சக்கரம் தொங்கும் நிலையில் ஆக்சில் முன்பைவிடக் கீழே இறங்கும். சட்டத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரு சக்கரங்களையும் தொங்கவிட்டு, ஷாக் அப்சார்பரின் இரு போல்ட்டுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய ஷாக்கின் முழு நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்தான் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும், விரைவில் அதன் மேல்கண் அறுந்துபோகும். அதே நிலையில் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகிய மூன்றும் தளர்வாக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

மலையோரம்:

இரு பக்கமும் நிரந்தரச் சுமைக்கான புதுக் கட்டும், அதற்குப் பொருந்தும் நீளத்தில் ஷாக்கும் வாங்க முடிவு செய்துவிட்டேன். தண்ணீர்க் கேன்களை முன்சுவர் ஓரமாக மாற்றியாயிற்று. பழைய யூ போல்ட்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. அவற்றையே மறுபடி பயன்படுத்தலாமா?

சங்ககிரிப் பட்டறை:

கூடாது. ஒருமுறை முறுக்கி இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுமுறை அதே பிடிப்பைத் தராது. புதியதாகவே வாங்குங்கள். நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை அதற்கு முன் விளக்கு அடித்துப் பாருங்கள். பட்டை முனையிலும் ஷேக்கிளிலும் உள்ள புஷ் (ரப்பர் உறை) போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது முழுமையாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து, வண்டி தன் பாரத்தில் நின்றபிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிவிட்டு, முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள்.